கணக்குக்குப் பிடிபடும் மண்

ஓர் ஊரின் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்றால் மக்கள் முதலில் அஞ்சுவது நாற்றத்துக்கும் ஈக்கும் லாரிகளுக்கும்தான். அவை உடனே தெரிந்துவிடும் தொல்லைகள். கிடங்கை மூடி, மேலே மண் பரப்பிப் புல் வளர்த்துவிட்டால் அவை ஓய்ந்தும் போகும். அதற்குப் பிறகும் ஓயாதது ஒன்று உண்டு. குப்பைக்குள் இறங்கும் மழைநீர் அதிலுள்ள உப்புகளையும் அம்மோனியாவையும் உலோகங்களையும் கரைப்பான்களையும் சுமந்துகொண்டு கீழ்நோக்கிக் கசிகிறது. இந்தக் கசிவுநீர் எத்தனை ஆண்டுகளில், எவ்வளவு செறிவோடு நிலத்தடி நீரை எட்டும்? விடையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள நூறாண்டு காத்திருக்க வேண்டும். அனுமதி வழங்கும் அதிகாரியோ இந்த ஆண்டே முடிவு சொல்லியாக வேண்டும். 1980-களிலிருந்து இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே மென்பொருள்கள் எழுதப்பட்டு வருகின்றன. அவை தரும் எண்களை வேதவாக்காகக் கொள்பவர்களும் உண்டு, வெறும் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பும் முக்கியமான ஒன்றைக் கவனிப்பதில்லை என்பது என் வாதம். எல்லா நிலமும் ஒரே அளவுக்குக் கணிப்புக்கு உட்படுவதில்லை. எந்த மண்ணின் அடியில் மாசு எப்படி நகரும் என்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறதோ, பெரும்பாலும் அந்த மண்தான் குப்பையைத் தாங்கவும் தகுதியுள்ளது. கணக்கு எங்கே தடுமாறுகிறதோ, அந்தத் தடுமாற்றமே அந்த இடத்தைப் பற்றிய எச்சரிக்கை.

இந்த மென்பொருள்கள் அனைத்துக்கும் அடித்தளம் ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு விதிகள். 1855-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர், கரைந்த பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாக நகர்வதை விதியாக வகுத்தார். தண்ணீர் அசையாமல் நின்றாலும் இந்த நகர்வு நிற்காது. இதுவே விரவல். 1856-இல் பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டு அளந்து, மண்ணுக்குள் நீர் ஓடும் அளவு நீர்மட்டச் சரிவையும் அந்த மண்ணின் நீர்கடத்தும் திறனையும் பொறுத்தது என்று காட்டினார். மாசுகள் இந்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன, விரவலாலும் பரவுகின்றன. போகும் வழியில் மண் துகள்கள் சிலவற்றைப் பற்றிக்கொள்கின்றன. ஈயம் போன்றவை களிமண்ணில் வலுவாக ஒட்டிக்கொள்ளும், அம்மோனியம் ஓரளவு தாமதப்படும், குளோரைடு எதிலும் ஒட்டாமல் நழுவிப் போகும். கரிமப் பொருள்களில் சிலவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. ஓட்டம், விரவல், பற்றுதல், சிதைவு ஆகிய நான்கையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, ஆழத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் செறிவைக் கண்டறிவதுதான் மென்பொருளின் வேலை. ஒட்டவும் சிதையவும் செய்யாத குளோரைடைத்தான் முதலில் கணக்கிடுவார்கள். அதைத் தடுத்து நிறுத்தும் கிடங்கு, ஒட்டும் இயல்புள்ள உலோகங்களை இன்னும் எளிதாகத் தடுத்துவிடும்.

கணினி இல்லாமலே இந்தக் கணக்கின் சாரத்தைப் பார்த்துவிடலாம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிடங்கின் அடியில் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பும், அதன்கீழ் 90 சென்டிமீட்டர் களிமண்ணும் வேண்டும் என்றன. அந்தக் களிமண்ணின் நீர்கடத்தும் திறன் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேட்பதற்கு மிகமிகச் சிறிய அளவு. ஆனால் ஓர் ஆண்டில் 3 கோடியே 15 லட்சம் விநாடிகள் இருக்கின்றன. எனவே இது ஆண்டுக்கு 3.15 சென்டிமீட்டர். களிமண்ணின் மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கசிவுநீர் தேங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால் சரிவு சற்றுக் கூடி, ஓட்டம் ஆண்டுக்கு 4.2 சென்டிமீட்டர் ஆகும். நீர் செல்ல வழியிருப்பது மண்ணின் கன அளவில் 40 விழுக்காடான துளைகளில் மட்டுமே என்பதால் அதன் உண்மையான வேகம் ஆண்டுக்கு 10.5 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் விரிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விதிக்கு முழுக்க உட்பட்ட அந்தக் களிமண்ணை நீர் ஒன்பது ஆண்டுகளுக்குள் கடந்துவிடும். சரி, பத்து மடங்கு சிறந்த களிமண்ணைப் போடுவோம் என்று ஒரு பொறியாளர் சொல்லலாம். டார்சியின் விதிப்படி அப்போது 86 ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் ஃபிக்கின் விதி இந்த மகிழ்ச்சியில் மண் போட்டுவிடுகிறது. களிமண்ணில் குளோரைடின் விரவல் குணகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். நீர் துளியும் நகரவில்லை என்று வைத்தாலும், கீழே ஆழமான களிமண் தொடரும் எளிய நிலையில், 90 சென்டிமீட்டர் ஆழத்தில் மேலுள்ள செறிவின் பத்தில் ஒரு பங்கு ஏழெட்டு ஆண்டுகளிலேயே தென்பட்டுவிடும். பாதிச் செறிவு ஏறக்குறைய 45 ஆண்டுகளில் வந்து சேரும். கசிவுநீரில் லிட்டருக்கு 2500 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு 250 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்கத்தக்கது என்று குறித்திருக்கும் அளவே அது.

இந்தச் சிறு கணக்கிலிருந்து ஒரு பெரிய முடிவு கிடைக்கிறது. நீர்கடத்தும் திறனைப் பத்து மடங்கு குறைத்தால் பாதுகாப்பு பத்து மடங்கு கூடும் என்ற எண்ணம் ஓர் எல்லைவரை மட்டுமே செல்லும். அதைத் தாண்டினால் ஓட்டத்தின் இடத்தை விரவல் எடுத்துக்கொள்கிறது. விரவலுக்கு நீர்கடத்தும் திறனைப் பற்றிக் கவலையில்லை, தடிமனைப் பற்றித்தான் கவலை. தடிமனை இரட்டித்தால் விரவல் அதே செறிவோடு மறுபக்கம் வர நான்கு மடங்கு காலம் பிடிக்கும். ஏழெட்டு ஆண்டுகள் முப்பதாகிவிடும். ஓட்டத்தை மட்டும் பார்த்துப் பழகிய பொறியாளர்களுக்கு இது எளிதில் பிடிபடவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சார்னியா நகரருகே இருந்த கிடங்குகளின் அடியிலுள்ள களிமண்ணை ஆராய்ந்து குடாலும் குவிக்லியும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் களத்திலேயே காட்டியது. அந்தக் களிமண்ணில் நீரோட்டம் மாசைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கே கொண்டுபோயிருக்க முடியும். ஆனால் கரைந்த உப்புகள் அதைவிடப் பல மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருந்தன. மாங்காயை உப்பில் ஊறவைத்தவர்களுக்கு இந்த இயக்கம் புதிதல்ல: காயிலிருந்து நீர் வெளியே வர, அதே நேரத்தில் உப்பு எதிர்த்திசையில் உள்ளே போகிறது. கிடங்கின் அடித்தளத்தை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அமைத்து, வெளிநீர் உள்நோக்கிக் கசியுமாறு செய்தால் மாசு வெளியே போகாது என்று கருதும் வடிவமைப்பு ஒன்று உண்டு. அங்கும் உப்பு நீருக்கு எதிராக நீந்தி வெளியேற முடியும். உள்நோக்கிய ஓட்டம் போதுமான வேகத்தில் இருக்கிறதா என்பதைக் கணக்கிட்டால்தான் தெரியும்.

மென்பொருள்கள் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகம் உருவாக்கிய ‘ஹெல்ப்’, வானிலைத் தரவுகளைக் கொண்டு எவ்வளவு மழை குப்பைக்குள் இறங்கும், எவ்வளவு ஆவியாகும், அடித்தளத்தில் எவ்வளவு தேங்கும் என்று வரவு செலவு போடுகிறது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ‘மாட்ஃப்ளோ’, கீழேயுள்ள நீர்த்தாங்கியில் நீர் எத்திசையில் ஓடும் என்று கணிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள களிமண் தடுப்புக்கென்று உருவானது கனடாவின் ‘பொல்யூட்’. கெர்ரி ரோவும் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜான் புக்கரும் 1980-களில் வகுத்த முறை அதன் அடிப்படை. வழக்கமான நிரல்கள் மண்ணைச் சிறு கட்டங்களாக்கி, நாள்தோறும் அடியெடுத்து வைத்து நூறாண்டைக் கடக்கும். சிறு பிழைகள் வழியெல்லாம் சேர்ந்துகொண்டே வரும். ரோவும் புக்கரும் மண்ணைச் சில அடுக்குகளாக மட்டும் பிரித்து, லாப்லாஸ் உருமாற்றம் என்ற கணித உத்தியால் காலத்தையே சமன்பாட்டிலிருந்து தற்காலிகமாக விலக்கித் தீர்வு கண்டார்கள். இடையிலுள்ள 99 ஆண்டுகளை நடந்து கடக்காமலே நூறாவது ஆண்டின் செறிவைக் கேட்டுப் பெறலாம். குப்பையிலுள்ள உப்பின் மொத்த எடை வரம்புக்குட்பட்டது, கரையக் கரையக் கசிவுநீர் வீரியம் இழக்கும் என்பதையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இதனால் எதிர்பாராத கேள்வி ஒன்று முன்னுக்கு வந்தது: ஒரு கிடங்கு எத்தனை காலம் மாசுபடுத்தும் ஆற்றலோடு இருக்கும்? குப்பையை உயரமாகக் குவிக்கக் குவிக்க ஒரே பரப்பில் உப்பின் எடை கூடுவதால் அந்தக் காலம் நீள்கிறது. நிலத்தை மிச்சப்படுத்த உயரத்தைக் கூட்டுபவர்கள், கண்காணிக்க வேண்டிய ஆண்டுகளையும் சேர்த்தே கூட்டுகிறார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். நூறாண்டுக்குப் பிந்தைய செறிவை யாரும் சோதித்ததில்லை. சோதிக்கப்படாத கணிப்பு எப்படி அறிவியலாகும்? நியாயமான கேள்வி. பதில் இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. குறுகிய கால அளவில், டொராண்டோவின் வடக்கே 1983 முதல் 2002 வரை இயங்கிய கீல் வேலி கிடங்கில், 1.2 மீட்டர் களிமண் தடுப்பின் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டியெடுத்து, ஆழம் ஆழமாகக் குளோரைடை அளந்தார்கள். மேலே அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைந்தும் இருந்த அந்த வளைகோட்டை விரவலே தீர்மானித்திருந்தது. நீண்ட கால அளவில், இயற்கையே சோதனையை நடத்தி வைத்திருக்கிறது. தென்மேற்கு ஒன்ராறியோவின் தடித்த களிமண் படிவுகள் பனியுகத்தின் முடிவில் உருவானவை. அவற்றின் துளைகளிலுள்ள நீரை டெசோல்னியேவும் செர்ரியும் ஃபிரிட்ஸும் 1981-இல் ஆய்ந்தபோது, ஆழத்திலிருந்த நீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் அது பனியுகக் குளிரில் பெய்த நீர் என்பதைக் காட்டின. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளாக அந்த நீர் பெரும்பாலும் அங்கேயே இருந்திருக்கிறது. அடியிலுள்ள பாறையிலிருந்து உப்பு மட்டும் விரவலால் மேலேறி வந்திருக்கிறது. மென்பொருளுக்குள் இருக்கும் அதே விதி, எந்த மென்பொருளும் கேட்கத் துணியாத கால அளவில், உண்மையான மண்ணில் செயல்பட்டிருக்கிறது. நூறாண்டுக் கணிப்பை ஏற்கத் தயங்குபவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. விதி சரியாகவே இருக்கட்டும். உள்ளே இடும் எண்களை யார் தருகிறார்கள்? கிடங்கு நடத்தும் நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்தானே? கைக்கேற்ற எண்ணை இட்டால் வேண்டிய விடை வந்துவிடாதா? நீர்கடத்தும் திறனைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்கு முழு இடமுண்டு. டேவிட் டேனியல் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், களத்தில் போடப்பட்ட களிமண் தடுப்புகள் ஆய்வகச் சிறு மாதிரிகள் காட்டியதைவிட 10 முதல் 1000 மடங்குவரை நீரைக் கடத்தியதைக் காட்டினார். கைப்பிடி மண்ணில் சிக்காத வெடிப்பும் கட்டியும் களத்தில் இருக்கின்றன. ஆயிரம் மடங்கு தடுமாறும் எண்ணை வைத்து எந்த விடையையும் வரவழைக்கலாம். ஆனால் விரவல் குணகம் அப்படியல்ல. அது உப்பு நீரில் நகரும் வேகத்தையும் துளைகளின் வளைவு நெளிவையும் மட்டுமே பொறுத்தது என்பதால், நன்கு இறுகிய களிமண்களில் அதன் ஏற்ற இறக்கம் சில மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. விரவல் ஆளும் தடுப்பில் ஆலோசகர் விரும்பினாலும் விடையைப் பெரிதாக வளைக்க முடியாது. மிச்சமிருக்கும் ஐயப்பாட்டையும் மறைக்காமல் காட்ட வழியுண்டு. இங்கிலாந்தில் கிடங்குகளுக்கென்று உருவான ‘லேண்ட்சிம்’, ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே எண்ணைக் கேட்காமல் ஒரு வீச்சைக் கேட்டு வாங்கி, மான்டே கார்லோ முறையில் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி, விடையையும் வீச்சாகவே தருகிறது. ஊர்க்காரர்களும் ஒழுங்குமுறை அதிகாரியும் கேட்டுப் பெற வேண்டியது அந்த வீச்சையும் அதற்கு அடிப்படையான உள்ளீடுகளையும்தான். ஹெல்ப்பும் மாட்ஃப்ளோவும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. உள்ளீடு வெளிப்படையானால் எதிர்த்தரப்பும் அதே கணக்கை ஓட்டிப் பார்க்கலாம்.

நிலத்துக்கு நிலம் கணிப்பின் நம்பகம் எவ்வளவு மாறும் என்பதை இரண்டு களச் சோதனைகள் தெளிவாக்கின. 1982-இல் ஒன்ராறியோவின் போர்டன் ராணுவத் தளத்தில், ஒரு கிடங்கின் அருகேயுள்ள மணல் நீர்த்தாங்கியில் குளோரைடு, புரோமைடு, சில கரிமச் சேர்மங்கள் கலந்த 12 கனமீட்டர் கரைசலைச் செலுத்தி, ஏறக்குறைய 5000 மாதிரிப் புள்ளிகளின் வழியே ஸ்டான்ஃபோர்டு, வாட்டர்லூ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சுமார் மூன்றாண்டுகள் தொடர்ந்தார்கள். ஓரளவு சீரான அந்த மணலில் உப்பு மேகத்தின் மையம் மாறாத வேகத்தில் நகர்ந்தது. அது பரவிய விதத்தையும் மணலின் அளவிடப்பட்ட பண்புகளைக் கொண்டு விளக்க முடிந்தது. 1986-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் விமானப்படைத் தளத்தில் இதேபோன்ற சோதனை தொடங்கியது. அங்கே சரளையும் மணலும் வண்டலும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. செலுத்திய புரோமைடின் பெரும்பங்கு இட்ட இடத்தருகிலேயே சிக்கிக்கொள்ள, ஒரு சிறு பங்கு மெல்லிய நாக்கைப்போல் 200 மீட்டருக்கும் அப்பால் ஓடியது. வழக்கமான சமன்பாட்டை வைத்து அந்த வடிவத்தை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. அதை விளக்குவது எப்படி என்ற விவாதம் ஆய்விதழ்களில் பல பத்தாண்டுகள் நீண்டது. இதைக் காட்டிக் கணினிக் கணிப்புகளையே தள்ளிவிடுவது தவறான முடிவு. மாசு எங்கே போகிறது என்று கணிப்பால் சொல்ல முடியாத நிலத்தில், கண்காணிப்புக் கிணற்றை எங்கே தோண்டுவது என்று மனிதராலும் சொல்ல முடியாது. இரண்டு கிணறுகளுக்கு நடுவே அந்த மெல்லிய நாக்கு புகுந்து போய்விடும். சரளைப் படுகையும் வெடிப்புவிட்ட பாறையும் குப்பைக்கு ஆகாதவை என்பதற்குக் காரணம் அவை நீரை வேகமாகக் கடத்துவது மட்டுமல்ல. மாசு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அது வந்த வழி தெரியும் என்பதுதான் பெரிய காரணம்.

பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஓட்டையில்லாத எச்.டி.பி.இ. விரிப்பு உப்பைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் டொலுயீன், டைகுளோரோமீத்தேன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே கரைந்து, ஓட்டை எதுவும் இல்லாமலே மறுபக்கம் விரவிவிடும். உப்பைத் தடுப்பது விரிப்பு, கரைப்பானைத் தாமதப்படுத்திச் சிதைவுக்கு அவகாசம் தருவது களிமண். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பற்றவைப்பில் விட்டுப்போன துளைகளும், வெயிலில் விரிந்து எழும் சுருக்கங்களும் தனி. பிளாஸ்டிக்குக்கு ஆயுளும் உண்டு. ஒன்ராறியோ 1998-இல் கொண்டுவந்த கிடங்கு விதிகள் விரிப்புக்கும் வடிகால் அடுக்குக்கும் ஆயுட்காலம் வகுத்து, கிடங்கு மாசுபடுத்தும் காலத்தோடு அவற்றை ஒப்பிடச் செய்தன. தடிமனையும் நீர்கடத்தும் திறனையும் எழுதிவைத்துவிட்டு நின்றுவிடும் விதிக்கும், இத்தனை ஆண்டுகளில் இந்த ஆழத்தில் இந்தச் செறிவைத் தாண்டக் கூடாது என்று விளைவைக் கேட்கும் விதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான். அமெரிக்கா 1991-இல் இரண்டு வழிகளையும் திறந்து வைத்தது: குறிப்பிட்ட அடுக்குகளை அப்படியே போடலாம், அல்லது நிர்ணயிக்கப்பட்ட இடத்தில் நீர்த்தாங்கியின் செறிவு வரம்பைத் தாண்டாத வடிவமைப்புக்கு ஒப்புதல் பெறலாம்.

அடியில் எதுவுமே போடாத குப்பைமேடுகள் உள்ள நாட்டில் இதெல்லாம் தொலைதூரப் பேச்சு என்று தோன்றலாம். சென்னையின் கொடுங்கையூரும் பெருங்குடியும் தடுப்பு அடுக்கு இல்லாமல் வளர்ந்த மேடுகள். பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேலேயே வளர்ந்தது. களிமண் தடுப்பின் அடிமட்டம், நீர்மட்டம் மிக உயரும் காலத்திலும் அதற்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. மழைக்காலத்தில் நீர் தரையை எட்டும் சதுப்பு நிலத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. அங்கே கணினி வேண்டியதில்லை, இடத்தேர்வே தவறு. ஆனால் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணிகள் நடந்துவரும் இப்போதுதான் விரவல் கணக்கு உண்மையில் கைகொடுக்கும். பல பத்தாண்டுகளாகக் கீழேயுள்ள களிமண்ணுக்குள் இறங்கிய உப்பு, மேலே குப்பை அகன்றதும் மறைந்துவிடாது. செறிவு இப்போது களிமண்ணில் அதிகம், நீரில் குறைவு. ஆகவே ஃபிக்கின் விதி திசை மாறி, உப்பை மெல்ல வெளியே விடும். இறங்கியதைப் போலவே வெளியேறவும் அது பல ஆண்டுகள் எடுக்கும். குப்பை போன மறுநாளே நிலம் தூயதாகிவிட்டது என்று அறிவிப்பதற்கு முன், களிமண்ணில் ஆழம் ஆழமாக மாதிரி எடுத்து, இன்னும் எத்தனை ஆண்டுகள் கிணறுகளைக் கண்காணிக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது கட்டாயம்.

கடைசியாக, நடைமுறை பேசுபவர்களின் மறுப்பு. நகரங்கள் நெருங்கிவிட்டன, சீரான தடித்த களிமண்ணைத் தேடிக்கொண்டிருக்க இடமேது? கிடைக்கிற நிலத்தில் பொறியியலால் சரிக்கட்ட வேண்டியதுதானே? ஓரளவு சரிதான். வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து தடிமனைக் கூட்டலாம், இரட்டை விரிப்பு போடலாம், குப்பையைக் குறைத்து உயரத்தையும் குறைக்கலாம். ஆனால் செயற்கை அடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு, அது முடிந்த பிறகு கீழேயுள்ள நிலம்தான் எஞ்சும். ஆகவே இடத்தேர்வின்போது மென்பொருளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, செறிவு எவ்வளவு என்பதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளீடுகளை அவற்றின் முழு வீச்சோடு ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் விடைகள் நெருங்கி நிற்கின்றன, எங்கே சிதறிப் போகின்றன என்று முதலில் ஒப்பிட வேண்டும். விடைகள் சிதறும் இடத்தை, அவற்றின் சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். நெருங்கி நிற்கும் இடங்களுக்குள் செறிவு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்த படி. அனுமதிக் கோப்பில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இந்த ஒப்பீடு இடம்பெற வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தாலே போதும். அதற்குத் தேவையான கருவிகள் பல பத்தாண்டுகளாக நம் கையில் இருக்கின்றன.